முனியப்பன் கேட்கும் காகிதங்கள்

முனியப்பனைத் தேடி வந்து, தயங்கித் தயங்கி, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒரு ஆளை முடிக்கணும்" என்று சொல்கிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஈ.சி. எடுத்தாச்சா சார்?" என்பதுதான்.

வந்தவர் முழிப்பார். எந்த நாள், எந்த இடம், கத்தியா வண்டியா என்று கேட்பார்கள் என நினைத்து வந்திருப்பார், பாவம். முனியப்பனோ விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். சொத்துக்கு முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, அதுதான் ஈ.சி. மூலப் பத்திரம். சொத்து யார் பெயரில் என்று மாநகராட்சி தருகிற காத்தா நகல். அப்பா, தாத்தா இறந்த சர்டிபிகேட். தாசில்தார் ஆபீசில் கொடுக்கும் வம்சவிருட்சம், வாரிசுகள் யார் யார் என்று மரம் மாதிரி வரைந்து முத்திரை குத்தித் தருவார்களே, அது. "இதெல்லாம் கொண்டாங்க. பாத்துட்டு அப்பறம் பேசலாம். காகிதம் பாக்காம நான் எதுலயும் கை வெக்கிறதில்ல."

கேட்கச் சிரிப்பாக இருந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்த ஒரு வழக்கத்தால் பெங்களூரில் மூன்று பேர் இன்றைக்கும் காலையில் எழுந்து காபி குடிக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

முனியப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஸ்ரீராம்புரத்தில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் வீடு. மனைவி ஜானகிக்கு மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை. இவருக்கு சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு எதிரே இருக்கும் டைப்பிங் கடையில் வேலை. கடை டெஸ்மண்டுடையது. டெஸ்மண்ட் பத்திரம் எழுதுவார், முனியப்பன் வரிசையில் நிற்பார். ஊரார் காகிதத்துக்காக வரிசையில் நின்று நின்றே பத்திரம் படிக்கக் கற்றுக்கொண்டவர். அவர் இவர் என்று மரியாதையாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் போலீசும் வக்கீலும் பேப்பர்காரனும் அவன் இவன் என்றுதான் சொன்னார்கள். தப்பு சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் ஒரு கொலை செய்தவர்தான். மழுப்ப எனக்கு இஷ்டமில்லை, அவருக்கும் இல்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முனியப்பனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. வேலை பார்த்த ஆலை மூடிவிட்டது. அடிதடிக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்தில் போய் விழுந்திருந்தார். மல்லேஸ்வரத்திலிருந்து ரங்கநாதன் என்று ஒருவர் வந்தார். அண்ணன் சீனிவாசராகவன் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான், அவனுக்கு ஆண்பிள்ளை கிடையாது, அவன் போய்விட்டால் வீடு தன்னாலே எனக்கு வரும் என்றார். பேசி முடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் மோட்டார் போட வாசலுக்கு வந்த சீனிவாசராகவனை முனியப்பன் கொன்றார். பன்னிரண்டு நாளில் இரண்டு பேரும் பிடிபட்டார்கள்.

வீட்டைப் பற்றிய உண்மை கோர்ட்டில்தான் வெளியே வந்தது. அது பரம்பரை வீடே இல்லை. அண்ணன் தன் சம்பாத்தியத்தில் தன் பெயருக்கு வாங்கியது. அவர் போனால் மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும்தான் போகும். தம்பிக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஒரு ஈ.சி. எடுத்திருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஒரு காகிதத்தைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் ஒரு மனிதனைக் கொன்றிருந்தார்கள். அப்படியே பங்கு இருந்திருந்தாலும் பயனில்லை. கொலை செய்தவனுக்கும் அதற்குத் துணை போனவனுக்கும் செத்தவர் சொத்தில் உரிமை கிடையாது என்று வாரிசுச் சட்டம் இருபத்தைந்தாவது பிரிவு சொல்கிறது. வக்கீல் அதைப் படித்தபோது கூண்டில் இருந்த ரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டார். முனியப்பனுக்கு அந்த எண் மனப்பாடம் ஆகிவிட்டது.

பரப்பன அக்ரஹாரத்து ஜெயிலில் பதினாலு வருஷம். நன்னடத்தை என்று வெளியே விட்டார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஒரு ஆள் வந்து நின்றான். ஒரு தடவை ஊரில் பெயர் வந்துவிட்டால் லேசில் போகுமா? மாமாவை முடிக்க வேண்டுமாம். முனியப்பன் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டி விரட்டினார். விரட்டிவிட்டு நல்ல காரியம் செய்தோம் என்று நிம்மதியாகவும் இருந்தார். எட்டாம் நாள் அந்த மாமா செத்தார். வேறு ஆளைப் பிடித்திருந்தார்கள். முனியப்பன் ஸ்டேஷனுக்கு ஓடினார். உனக்கு எப்படித் தெரியும் என்று அவரையே மூன்று நாள் உட்கார வைத்தார்கள்.

அன்றைக்கு ஜானகியிடம் சொன்னார்: "நான் துரத்தி வுட்டதாலதான் செத்தாரு ஜானகி. என்கிட்டயே நிறுத்தி வெச்சிருக்கணும்."

அதற்குப் பிறகு யாரையும் துரத்துவதில்லை. முடியாது என்றும் சொல்வதில்லை. காகிதம் கேட்பார். அலைகிறவனுக்குத்தான் தெரியும் அரசாங்க ஆபீசின் அருமை. இந்த ஜன்னலில் "நாளெ பன்னி" என்பார்கள், நாளைக்கு வா என்று. நாளைக்குப் போனால் சர்வர் டவுன் என்பார்கள். மறுநாள் அந்த அம்மா லீவு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்கிறோம். அந்த ஆத்திரத்தை ஆபீஸ் ஆபீஸாக நடக்கவிட்டால் கால் வலியிலேயே பாதி போய்விடும். ஒருவர் நாலாவது நடையோடு சலித்துப்போய் வரவே இல்லை. இன்னொருவர் வம்சவிருட்சம் எடுக்கப் போன இடத்தில், தனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்து வக்கீலிடம் போனார். மூன்றாவது ஆள் டெஸ்மண்ட் கடையிலேயே உட்கார்ந்து சித்தப்பாவோடு சமாதானமாகிவிட்டார். சர்வர் டவுன் என்று கேட்டு சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் இந்த ஊரில் முனியப்பன்தான்.

இதற்கு நடுவில் அவருக்கு ஒரு கவலை உண்டு. ஸ்டேஷனில் ரவுடி லிஸ்டில் பெயர் இன்னும் இருக்கிறது. தேர்தல், பண்டிகை என்றால் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவார்கள். அதை எடுத்துவிடச் சொல்லி மனு கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டரும், "ஒரு புகாரும் இல்லன்னா தீபாவளிக்கு அப்புறம் மேல அனுப்பறேன்" என்று சொல்லியிருந்தார். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் ரகுராம் வந்தார்.

ரகுராமுக்கு நாற்பத்து நாலு வயது. ஓசூர் ரோடு பக்கம் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் முப்பது பேருக்கு மேல் அதிகாரி. கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டைப்பிங் கடைக்குப் பின்னால் நின்றார். காக்ஸ் டவுனில் அப்பா விட்டுப்போன வீடு. அக்கா அலர்மேல்மங்கை அதில் தனியாக இருக்கிறாள். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. விற்கவும் விடமாட்டாள், பாகம் பிரிக்கவும் கையெழுத்துப் போடமாட்டாள். ஏழு வருஷமாகக் கேட்டாயிற்று. போன வாரம் கதவைக்கூடத் திறக்கவில்லை.

"ஈ.சி. எடுத்தாச்சா சார்?" என்றார் முனியப்பன்.

ரகுராம் முழிக்கவில்லை. "வேற என்னென்ன வேணும்?" என்று போனை எடுத்து எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது நீலக் கோப்போடு வந்து நின்றார். ஈ.சி. இருக்கிறது. காத்தா இருக்கிறது. பத்திர நகல், சர்டிபிகேட், வம்சவிருட்சம், எல்லாம் வரிசையாகக் கலர் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். முனியப்பன் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரே நாள்லயா சார்?"

"ஈ.சி. ஆன்லைன்ல வந்துருது. மத்ததெல்லாம் போன வருஷம் கேஸ் போடலாம்னு எடுத்து வெச்சேன்."

கேட்டீர்களா கதையை. வருகிறவர்கள் கண்ணில் மண்ணைத் தூவ எட்டு வருஷமாக வைத்திருந்த வித்தை, ஒரு பட்டனில் போய்விட்டது. இனி ஜன்னல் இல்லை, வரிசை இல்லை, லீவு போட்ட அம்மா இல்லை. ஒரு கிழவியின் உயிருக்கும் இந்த மனிதருக்கும் நடுவில் முனியப்பன் மட்டும்தான் நின்றார்.

அவர் காகிதத்தைப் படித்தார். மெதுவாக, இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். "சார், அப்பா உயில் எழுதல. அப்படின்னா பாதி வீடு இப்பவே உங்களுது. அக்காவுக்குப் புருசன் இல்ல, புள்ள இல்ல. அவங்க பாதியும் அவங்க காலத்துக்கப்பறம் உங்களுக்குத்தான் வரும். சும்மா இருந்தாலே வர்ற சொத்து இது. ஒண்ணே ஒண்ணு பண்ணா மட்டும் வராது. அவங்கள கொன்னா வராது. செக்சன் இருபத்தஞ்சு."

"தெரிஞ்சாத்தானே?" என்றார் ரகுராம். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க. கே.ஜி.எப். பக்கம் ஒரு ஆள் நம்பர் கொடுத்திருக்காங்க. எனக்கு இந்த மாசத்துக்குள்ள முடியணும். ஆனா யாரா இருந்தாலும் முன்னாடி செஞ்ச அனுபவம் இருக்கணும். பாதியில பின்வாங்கற ஆள்கிட்ட நான் கொடுக்கமாட்டேன்."

இப்போது போலீசுக்குப் போகலாம்தான். போனால் ரகுராம் யார் இந்த ரவுடி என்பார். எழுத்தில் ஒன்றுமில்லை. விட்டுவிடுவார்கள். கே.ஜி.எப். ஆள் வருவான். போன தடவை நடந்தது அதுதான். முனியப்பன் நீலக் கோப்பை மூடினார். பிறகு, எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று அவருக்கே இன்றுவரை தெரியாது, இப்படிச் சொன்னார்:

"நியாயம் சார். உங்க கம்பெனில ஒருத்தன வேலைக்கு எடுத்தா, முன்னாடி வேலை செஞ்ச இடத்துல கேப்பீங்கதானே? என் பழைய பார்ட்டி இருக்காரு. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களே கேட்டுக்கங்க."

ரகுராமுக்கு அது பிடித்திருந்தது. பழக்கமான முறை அல்லவா.

அன்று சாயங்காலம் முனியப்பன் ரங்கநாதனுக்குப் போன் செய்தார். ஜெயிலில் முதல் நாலு வருஷம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேச வேறு ஆள் இல்லாமல் பேசினார்கள். இப்போது ரங்கநாதன் பொம்மனஹள்ளியில், யாருக்கும் தன்னைத் தெரியாத இடமாகப் பார்த்து, ஒரு மாடி ஒற்றை அறையில் இருக்கிறார். கார்மெண்ட்ஸ் கான்டீனில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது.

"சாமி, ஒரு ஆள கூட்டினு வர்றேன். அவரு அக்கா விசயமா."

போன் கட்டாகிவிட்டதோ என்று முனியப்பன் பார்த்தார்.

"கூட்டிண்டு வா" என்றார் ரங்கநாதன்.

சனிக்கிழமை ரகுராம் காரிலேயே போனார்கள். சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நகரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் முனியப்பன் கேட்டார், "ஏன் சார், கேஸே போட்டுக்கலாமே? பாதி உங்களுதுன்னு கோர்ட்டே சொல்லிடும்."

"பதினஞ்சு வருஷம் ஆகும்னு வக்கீல் சொல்றார். யாரால காத்துக்கிட்டிருக்க முடியும்?"

"நான் பதினாலு வருசம் உள்ள இருந்தேன் சார். ஒரு வருசந்தான் வித்தியாசம்."

ரகுராம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ரங்கநாதன் அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் பெருமாள் படம். வேட்டியும் பனியனுமாக இருந்தவர், விருந்தாளி வருகிறார் என்று சட்டை மாட்டிக்கொண்டார். காபி போட்டுக் கொடுத்தார். ரகுராம் பேட்டி எடுக்கிற தோரணையில் கால் மேல் கால் போட்டு, முனியப்பனைக் காட்டி, "இவர் வேலை எப்படி?" என்று கேட்டார். முனியப்பனுக்கு உடம்பு கூசியது. எழுந்து மாடிச் சுவரோரம் போய் நின்றார். ஆனால் கதவு திறந்திருந்தது, காதை மூடவா முடியும்?

"சொன்னதைச் செஞ்சான்" என்றார் ரங்கநாதன். "சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துல. அவன் மேல ஒரு குத்தமும் கிடையாது." பிறகு கேட்டார், "அக்காவுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்லை."

"அண்ணா தம்பி வேற யாரும்?"

"நான் மட்டும்தான்."

"அப்போ நீங்கதான் கர்த்தா."

ரகுராமுக்குப் புரியவில்லை. ரங்கநாதன் பொறுமையாக, ரயிலுக்கு வழி சொல்கிற மாதிரிச் சொன்னார். "கொள்ளி வைக்கப் போறவர் நீங்கதான்னு சொல்றேன். வேற யாரும் வைக்க முடியாது. எங்க அண்ணாவுக்கும் பிள்ளை கிடையாது, ரெண்டும் பொண்ணு. நான்தான் வெச்சேன். ஆளை வெச்சுக் கொல்லச் சொல்றதோட முடிஞ்சுபோயிடும்னு நினைச்சிண்டிருந்தேன். அது அரைமணி நேரம். அதுக்கப்புறம் பன்னெண்டு நாள் இருக்கு. அதை நான் யோசிக்கவே இல்லை."

காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஈர வேட்டியோட உக்காருவேன். மந்திரம் சொல்லி வைக்கிற வாத்தியார் அண்ணா பேரைச் சொல்லச் சொல்லுவார், சொல்லுவேன். எள்ளும் தண்ணியும் விடச் சொல்லுவார், விடுவேன். துக்கம் கேக்க வர்றவா எல்லாம் என் கையைத்தான் பிடிச்சிண்டு அழுவா. கர்த்தா விரதம் இருக்கான்னு மன்னி எனக்குத்தான் முதல்ல இலை போடுவா. ரங்கா, நீயாவது இருக்கியேன்னு சொன்னா ஒரு நாள். நான் அப்பளத்தை ஒடிச்சு சாப்பிட்டேன்."

ரகுராம் காலை இறக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பன்னெண்டு நாளும் தூங்கினீங்களா?"

"நன்னாத் தூங்கினேன். அதை நினைச்சாத்தான் இப்போ பயமா இருக்கு."

கீழே யாரோ ஸ்கூட்டர் கிளப்பினார்கள். சத்தம் போன பிறகு ரங்கநாதன் மறுபடி பேசினார். "பன்னெண்டாம் நாள் சபிண்டி. செத்தவாளை அப்பா, தாத்தாவோட கொண்டுபோய்ச் சேக்கற சடங்கு. பிண்டத்தைப் பிடிச்சு வெச்சாச்சு, சேக்கலை. அப்போ போலீஸ் வந்துடுத்து. வாத்தியார் பாதியில எழுந்துண்டார். என் பெரிய பொண்ணு, அண்ணா பொண்ணைச் சொல்றேன், வாசல்ல நின்னு என்னையே பார்த்துண்டிருந்தா. அழலை. அப்புறம் யாரோ தாயாதியை வெச்சு முடிச்சாளாம். சரியா முடிச்சாளா, அண்ணா எங்க அப்பாகிட்டப் போய்ச் சேந்தானா, நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது? வருஷா வருஷம் திவசம் பண்றேன். என் கையால பண்ணா ஏத்துப்பானான்னு தெரியலை."

வெளியே முனியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினாலு வருஷம் ஒரே மதில் சுவருக்குள் இருந்தும் இதை அவர் கேட்டதில்லை. தான் கொன்ற மனிதர் கொன்ற அன்றோடு முடிந்தார் என்றுதான் இத்தனை நாளும் அவரும் நினைத்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது ரகுராம் மடிவாளா தாண்டி பஸ் நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கச் சொல்கிறார் என்று அர்த்தம். முனியப்பன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"சார், வெளிப்படையா சொல்றேன். திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள நீங்க என்கிட்ட வந்து வேணான்னு சொல்லணும். சொல்லலன்னா நான் ஸ்டேசனுக்குப் போய் உங்க பேரு, அக்கா பேரு, அட்ரஸ் எல்லாம் சொல்லிடுவேன். என்னைத்தான் மொதல்ல உக்கார வெப்பாங்க. லிஸ்டுல என் பேரு சாவற வரைக்கும் இருக்கும். இருந்துட்டுப் போவட்டும்."

ரகுராம் கை நீட்டிக் கதவைச் சாத்தினார். கார் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். முனியப்பன் காலையில் பஸ் ஏறி காக்ஸ் டவுனுக்குப் போனார். அந்த வீட்டு எதிரே ஒரு சர்ச், அதன் மதிலோரம் ஒன்பது மணிக்கு நின்றவர் மத்தியானம் தாண்டியும் நின்றார். பதினோரு மணிக்கு அலர்மேல்மங்கை வெளியே வந்து, ரோட்டில் குப்பை போட்ட ஒருவரை நிறுத்தி, அவரையே எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நல்ல கிழவி என்று நினைத்துக்கொண்டார் முனியப்பன். ஒன்றரை மணிக்கு ரகுராமின் கார் வந்து நின்றது. ரகுராம் காலிங் பெல் அடித்தார், கதவு திறக்கவில்லை. மறுபடி அடித்தார். ஜன்னல் வழியாக ஏதோ பேசினார். பிறகு கதவு திறந்தது, அவர் உள்ளே போனார், கதவு மூடிக்கொண்டது.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து அலர்மேல்மங்கையின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. என்ன பேச்சு என்று புரியவில்லை. ஆனால் திட்டுகிறவள் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். முனியப்பன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, காலையிலிருந்து சாப்பிடாததைச் சேர்த்துச் சாப்பிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் ஜானகி.

"தெரியல. திட்டினு இருந்தாங்க."

"திட்டறது நல்லதுதான். நான் உன்னை வுட்டுட்டா போயிட்டேன்?"

திங்கட்கிழமை ஒன்பதரை மணி. முனியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார், ஸ்டேஷனுக்குப் போவதானால் நல்ல சட்டையில் போக வேண்டும் என்று. ஒன்பதே முக்கால் ஆயிற்று. டெஸ்மண்ட் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், இவர் காதில் விழவில்லை. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழுந்து செருப்பை மாட்டினார்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் குடை இறங்கியது, பின்னால் அலர்மேல்மங்கை இறங்கினார். அதற்குப் பின்னால் கோப்போடு ரகுராம். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"டெஸ்மண்ட் யாரு?" என்று கேட்டபடி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் அந்த அம்மா. "பாகப் பிரிவினை ஒப்பந்தம் எழுதணும். கீழ் வீடு எனக்கு, மாடி இவனுக்கு. நான் இருக்கிறவரைக்கும் என்னை யாரும் கிளப்பக் கூடாதுன்னு தெளிவா எழுதுங்க. எங்கே போகச் சொல்லுவானோன்னுதான் ஏழு வருஷமா கையெழுத்துப் போடாம இருந்தேன். அதை இவன் கேட்டதும் கிடையாது, நானும் சொன்னது கிடையாது."

டெஸ்மண்ட் தட்டச்சில் உட்கார்ந்தார். ரகுராம் முனியப்பன் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காமல், "வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். முனியப்பன் செருப்பைக் கழற்றினார்.

ஒரு மணி நேரத்தில் ஒப்பந்தம் தயார். அக்கா ஒவ்வொரு வரியையும் படித்து, இரண்டு இடத்தில் சதுர அடிக் கணக்கைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். தம்பி போட்டார். "ரெண்டு சாட்சி வேணும்" என்றார் டெஸ்மண்ட். "ஒண்ணு நான் போடறேன். இன்னொருத்தர்?"

அலர்மேல்மங்கை முனியப்பனைப் பார்த்தார். "நீங்கதானே அவரு?"

முனியப்பன் தலையாட்டினார்.

"நேத்து எல்லாத்தையும் சொன்னான். ஒரு அறை விட்டேன், அப்புறம் சோறு போட்டேன். நீங்களே போடுங்க கையெழுத்து."

"அம்மா, நான் போடக் கூடாது. நான் கேஸ்ல இருந்தவன். எனக்கு எதிராத்தான் முப்பத்திரண்டு பேர் சாட்சி சொன்னாங்க. என்னை யாரும் எதுக்கும் சாட்சிக்குக் கூப்புட்டதில்ல."

அந்த அம்மா பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"நான் உயிரோட இருக்கேங்கறதுக்கு உங்களை விட்டா வேற யாருய்யா சாட்சி?"